பஞ்சுக்கு முன்னால் ஓர் ஆள் இடம்

செல்போன் விளையாட்டுக்குள் வளர்த்த பிராணிகள் வெளியே இறங்கித் தெருவில் நடக்கத் தொடங்கிய வருஷத்தில், வெள்ளைக்கரடு ஊர்க்காரர்கள் அதிசயப்பட்டதெல்லாம் ஆடிக் காற்று அடங்குகிற வரைக்கும்தான். அதற்குள் அவற்றுக்குத் தண்ணீர் எங்கே வைப்பது, பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் உண்டா, சாவு விழுந்த துட்டி வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா கூடாதா என்கிற கவலைகள் வந்து சேர்ந்துவிட்டன. கவலை வந்து உட்கார்ந்த வீட்டில் அதிசயத்துக்கு இடம் ஏது.

அது காயத்துக்குக் கட்டுகிற துணியை நெய்கிற ஊர். விடிந்தது முதல் விசைத்தறிகள் இரைய, மனிதர்கள் ஒருவரோடொருவர் கத்தியே பேசிப் பழக, சல்லடை போல மெலிந்த துணி தறியிலிருந்து இறங்கி, சலவைப் பட்டறைத் தொட்டிகளில் வெந்து வெளுத்து, கரட்டுக் குன்றின் அடிவாரத்துக் களத்தில் நீளநீளமாகக் காய்ந்தது; ரயிலில் போகிறவர்களுக்கு அந்தக் கரடே எங்கோ விழுந்து அடிபட்டு வந்து படுத்திருப்பது போலத் தெரியும். காய்ந்த துணியைப் பெண்கள் சரக்குக் கிட்டங்கியில் உட்கார்ந்து சுருள் சுருளாகச் சுற்றினார்கள், சுருள்கள் லாரி ஏறி மலைக்கு அந்தப் பக்கமும் கடலுக்கு அந்தப் பக்கமும் போயின, எவருடைய தலையில், எவருடைய முழங்காலில் அவை கட்டப்பட்டன என்று ஊரில் எவருக்கும் தெரியாது. வெள்ளையாக அனுப்பிய துணி வேறு நிறமாக மாறுவதை அவர்கள் பார்த்ததில்லை.

தறி தானாக ஓடும், இழை அறுந்தால்தான் ஆள் வேண்டும் என்பதால், ஊரின் இளவட்டங்கள் ஒரு கண்ணைத் தறியின் பாவு நூலில் வைத்து மறு கண்ணைச் செல்போனில் வைத்திருந்தார்கள். அவர்கள் விளையாடியது ஏழரண் என்கிற விளையாட்டு. பெற்றவர்கள் அதை ஏழரை என்றே சொன்னார்கள். ஏழு கோட்டைகளைக் கடந்து போகவேண்டிய அந்த உலகத்தில் தேசம் தேசமாக முகம் தெரியாத ஆட்கள் நடந்தார்கள், கூட்டம் சேர்ந்தார்கள், சண்டை போட்டார்கள், ஒவ்வோர் ஆளுக்கும் பின்னால் அவனவன் வளர்த்த பிராணி ஒன்று நடந்தது. உடையவன் கையால்தான் அதற்குச் சாப்பாடு. அவன் எங்கே போனாலும் இடது பக்கமாகச் சற்றுப் பின்தங்கி நடக்கும், கீழே கிடக்கிற பொருளைக் கவ்வி எடுத்து அவன் கையில் சேர்க்கும், அவன் விளையாட்டை விட்டு வெளியேறினால் கரைந்துபோகும், திரும்பி உள்ளே வந்தால் மறுபடி அவன் பின்னால் நிற்கும். இன்னாருடைய இன்னது என்று அதன் தலைக்கு மேலே மஞ்சள் எழுத்து மிதக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் மின்சாரம் நின்று, ஊரின் தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் ஓய்ந்து, அப்படியோர் அமைதியைக் கேட்டறியாத கைக்குழந்தைகள் வீரிட்டு அழுதபோது, அந்த அமைதிக்குள் அவை இறங்கி வந்தன. ரேஷன் கடைக்காரர் மகனின் காதோரத்தில் மூன்று வால் மீன் ஒன்று காற்றில் நீந்தியது. தறி மெக்கானிக் ஜெயமுருகனுக்குப் பின்னால் கல்லால் ஆன ஆமை சிமெண்டுத் தரையைக் கீறிக்கொண்டு நடந்தது. தெரு நாய்கள் கொஞ்சம் குரைத்துப் பார்த்துவிட்டு, இவற்றுக்கு வாசனையே இல்லை என்று கண்டதும் மரியாதை கொடுக்க ஒன்றுமில்லை என்பதுபோலத் திரும்பிப் படுத்துக்கொண்டன. பஸ் கண்டக்டர் சுமைக் கட்டணம் கேட்டார், ஆமைக்கு மட்டும் கொடுத்தார்கள், மீனுக்குக் கொடுக்க மறுத்தார்கள். தறி முதலாளிகளுக்கு மகிழ்ச்சி, கீழே விழுந்த, நூல் சுற்றின தார்க்கட்டை ஒன்றுகூட இப்போது வீணாவதில்லை. கல்யாண வீடுகளில் போட்டோக்காரர், மாப்பிள்ளையின் பிராணி கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கட்டும் என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

"நல்லதுதான், என்ன, புருசன் பொண்டாட்டி ஒரு வார்த்தை தனியாப் பேச முடியல," என்றாள் கிட்டங்கியில் துணி சுற்றுகிற ராக்கம்மா. "எம்மகன் ஆந்தை என்னையவே பாக்குது. நான் என்னமோ கூலியக் குறைச்சுட்ட மாதிரி."

பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்த சீனித்தாய் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சுருளின் ஓரத்தைக் கட்டைவிரலால் தட்டிச் சமன்செய்தாள். அவளுடைய மகன் மாரீஸ்வரன், ஊருக்கு மாரீஸ், ஏழரண் விளையாட்டில் இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் முன்னோடி. அவன் வீட்டை விட்டுப் போய் மழைக்காலங்கள் சில கழிந்திருந்தன. செல்போனைப் பார்த்தபடி அறுந்த இழையை அவன் கவனிக்காமல் விட, ஒரு பாவு முழுவதும் ஓட்டையாக இறங்க, தறியோட்டியான அவன் அப்பா குருசாமி போனைப் பிடுங்கிச் சலவைத் தொட்டியின் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டார். போன் வேகிறதைப் பார்த்துக்கொண்டு மாரீஸ் நின்றான். மறுநாள் காலையில் அவன் பாய் சுருட்டி வைத்திருந்தது, ஆள் இல்லை. குருசாமி திருப்பூரில் தேடினார், ஈரோட்டில் தேடினார், தேடி வந்து தறியில் நின்றார். அந்த வீட்டில் மகனைப் பற்றிப் பேசும்போது இருக்கிறான் என்றும் சொல்ல முடியவில்லை, இருந்தான் என்றும் சொல்ல முடியவில்லை, ஆகவே பேச்சே குறைந்து, இரண்டு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

"ஒரு முடிவு தெரிஞ்சா உனக்கு நிம்மதி மதினி," என்று ராக்கம்மா ஒருமுறை சொன்னதற்கு, "முடிவ வச்சு நான் என்ன செய்ய? எனக்குப் பிள்ளைதான் வேணும்," என்று சீனித்தாய் சொன்னாள், அதற்குப் பிறகு யாரும் அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆவணி முடிகிற சமயத்தில், வெயில் ஏறின ஒரு காலை, ஜெயமுருகன் கிட்டங்கி வாசலில் வந்து மூச்சு வாங்க நின்றான். அவனுக்குப் பின்னால் தாமதமாக ஆமையும் வந்து நின்றது.

"அத்தை, வெளிய வாங்க."

"என்னய்யா?"

"மாரீசோட பிராணி வந்திருக்கு."

"யாரு வந்திருக்கா?"

"அவன் வரல. அவன் பிராணி. பஞ்சு. மாரீசோட பஞ்சுன்னு தலைக்கு மேல எழுதியிருக்கு. கீழ் ரோட்டுல வந்துக்கிட்டு இருக்கு."

"அவன் போன்தான் வெந்து போச்சே."

"போன் போனா என்ன அத்தை. பேரும் ரகசியச் சொல்லும் நெனப்புல இருந்தா எந்த ஊருல எந்தப் போன்லயும் உள்ள வந்துரலாம். நான் விளையாட்டுக்குள்ள அவனத் தேடாத நாளில்ல, அவன் யாரு கண்ணுலயும் படாம தன்னை மறைச்சு வச்சிருக்கான். ஆனா பிராணி நடக்குதுன்னா உடையவன் உள்ள இருக்கான்னு அர்த்தம். எங்கயோ இருக்கான் அத்தை."

இருக்கான் என்கிற அந்த ஒரு சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு சீனித்தாய் எழுந்தாள், மடியிலிருந்த துணி அவிழ்ந்து அவள் காலோடு வாசல் வரைக்கும் இழுபட்டு வந்தது.

பஞ்சுக்கு முயலின் காது, வெள்ளாட்டின் கால், கன்றுக்குட்டியின் கண், உடம்பெல்லாம் கொட்டை எடுக்காத பருத்தி போல முடி. அது தனியாக வந்தது. மற்றப் பிராணிகளுக்கு முன்னால் அதனதன் ஆள் நடப்பான். இதற்கு முன்னால் எவரும் இல்லை. ஆனாலும் அது ஓர் ஆளின் பின்னால் நடப்பது போலவேதான் நடந்தது, யாரோ நின்றால் நிற்பது போல நின்றது, டீக்கடை முன்னால் ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருந்தது, பாலத்துச் சுவரருகே யாரோ செருப்பில் ஏறிய மண்ணைத் தட்டுகிற நேரம் பொறுத்திருந்தது. அதற்கு முன்னால், வலது பக்கமாக, ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் எப்போதும் காலியாக நகர்ந்துகொண்டிருந்தது.

ஊர் அந்த இடத்தையும் ஏற்றுக்கொண்டது. டீக்கடைக்காரர் பஞ்சு வந்து நின்றால் ஒரு கிளாஸ் டீயைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார், ஆறினதும் எடுத்துக் கொட்டினார், அதை எவர் கணக்கிலும் சேர்க்கவில்லை. சைக்கிளில் வருகிறவர்கள் வளைந்து போனார்கள். களத்தில் துணி காயப்போடுகிற பெண்கள் அந்த ஆள் இடம் வரும்போது கொடியைத் தூக்கிப் பிடித்து வழிவிட்டார்கள், தூக்கிப் பிடித்த உயரம் போதுமா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், போகும்போது இருந்ததைவிட வளர்ந்திருப்பானே என்று இன்னும் கொஞ்சம் தூக்கினார்கள். குறுக்கே ஓடிய பிள்ளைகளை அதட்டினார்கள். வெயில் தாழ்ந்தால் அது கரைந்துவிடும், மறுநாள் காலையில் கீழ் ரோட்டில் மறுபடி தோன்றும். எங்கோ ஓர் ஊரில் அவன் வேலை முடிந்து போனை வைக்கிறான், காலையில் எடுக்கிறான் என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

சீனித்தாய் அந்த ஆள் இடத்துக்கு வலப்பக்கமாக நடந்தாள். நடந்துகொண்டே, தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி உரக்கப் பேசினாள்.

"ராக்கம்மா அத்தை மகளுக்கு முடிஞ்சிருச்சுய்யா, மாப்பிள்ளை சாத்தூரு. நல்ல பையன், கொஞ்சம் கஞ்சன். நம்ம வெள்ளாடு செத்துப் போச்சு. உங்கப்பா இப்ப வெத்தலை போடுறதில்ல, பல்லு ஆடுது. சாப்பிட்டியா? அங்க தண்ணி எப்படி, உப்பா? இருமல் வந்தா அசட்டையா இருக்காத, உனக்குச் சின்னதுலயே நெஞ்சுச் சளி." இப்படி அவள் பேச, எதிரே வருகிறவர்கள், யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டு வருகிறபோது ஒதுங்குவது போல ஒதுங்கினார்கள்.

ஆனால் பஞ்சு வீட்டுக்குள் வரவில்லை. தெருமுனையில் நிற்கும், நெடுநேரம் நிற்கும், காது வீட்டுப் பக்கம் திரும்பும், பிறகு வேறு தெருவுக்குப் போய்விடும். அதைப் பார்த்துக் குருசாமி வேலையை விட்டு வாசலில் உட்கார்ந்தார். ஒருநாள் டவுனுக்குப் போய்ப் புதுப் போன் ஒன்று வாங்கி வந்து, பெட்டியைப் பிரிக்காமல் தெருமுனை மண்ணில் வைத்துவிட்டு விலகி நின்றார். கீழே கிடந்ததை எடுத்து உடையவனிடம் சேர்ப்பதுதான் பிராணியின் வழக்கம், பஞ்சு பெட்டியைக் கவ்வியது, தலையை உயர்த்தி முன்னால் நீட்டியது. வாங்கிக்கொள்ளக் கை இல்லை. பெட்டி அந்த ஆள் இடத்தில் விழுந்து கிடந்தது. பஞ்சு நகர்ந்து போன பிறகு குருசாமி குனிந்து அதை எடுத்து, துண்டால் துடைத்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார், அன்றைக்கு அவர் விளக்குப் போடவில்லை.

"வருவான்," என்றாள் சீனித்தாய். "இம்புட்டுத் தூரம் வந்தவன் வாசப்படி ஏற மாட்டானா?"

ஐப்பசியில் முதல் மழைக்கு வானம் கூடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பஞ்சு களத்தின் நடுவே, துணிக் கொடிகளுக்கிடையில், திடுமென்று நின்றது. முன்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தது. முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்தது, காதுகளை முதுகோடு சாய்த்துக்கொண்டது, தலைக்கு மேலிருந்த எழுத்து மஞ்சளிலிருந்து சாம்பலுக்கு மாறியது. அன்று வெயில் தாழ்ந்தும் அது கரையவில்லை. மறுநாளும் அங்கேயே இருந்தது.

சீனித்தாய்க்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. "உக்காந்துட்டான். நடந்து நடந்து கால் ஓஞ்சிருக்கும்," என்று எல்லோரிடமும் சொன்னாள், அந்த வெற்றிடத்துக்கு மேலே குடை பிடித்தாள், சோறு கொண்டுவந்து வைத்துத் தானே எடுத்துக்கொண்டு போனாள், இனிமேல் எழுந்தால் வீட்டுக்குத்தான் வருவான் என்று மாரீஸின் பாயை உதறி வெயிலில் போட்டாள். களத்துக்காரர்கள் துணியைக் கொஞ்சம் தள்ளிக் காயப்போட்டார்கள். ஆனால் ஏழரண் விளையாடின இளவட்டங்கள் அந்தப் பக்கம் வரவில்லை. வந்தாலும் பேசவில்லை. தங்கள் பிராணிகள் அவள் கண்ணில் படவேண்டாம் என்று விளையாட்டை அணைத்து அவற்றைக் கரைய விட்டார்கள், தெருக்கள் திரும்பவும் பழைய தெருக்கள் போல ஆயின. ராக்கம்மா தன் மகனிடம் என்னவோ கேட்டாள், அவன் என்னவோ சொன்னான், அதற்குப் பிறகு கிட்டங்கியில் அவளும் குனிந்த தலை நிமிராமல் துணி சுற்றினாள்.

ஊர் ஒன்றைத் தன்னிடம் மறைக்கிறது என்று தெரிந்துகொள்ளச் சீனித்தாய்க்கு அதிக நேரம் ஆகவில்லை. டீக்கடையில் ஜெயமுருகனைப் பிடித்தாள். அவன் ஒருவன்தான் அன்று விளையாட்டை அணைக்க மறந்திருந்தான், கடைக்கு வெளியே ஆமை நின்றது.

"மருமகனே, என்னையப் பாத்தா ஏன் சுத்து வழியில போற?"

"வேலை அத்தை."

"வேலை தெக்க இருக்கு, நீ வடக்க போற." அவள் எதிரில் உட்கார்ந்தாள். "அது ஏன் உக்காந்திருக்கு?"

அவன் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். "விளையாட்டுல உடையவன் அடிபட்டு விழுந்துட்டா, விழுந்த இடத்துல பிராணி காவல் உக்காரும் அத்தை."

"விழுந்தவன் என்ன ஆவான்?"

"கிடப்பான். வேண்டியவுக யாராச்சும் வந்து கட்டுப் போட்டா எந்திரிப்பான். யாரும் வரலைன்னா, கொஞ்ச நாளையில பிராணி கரைஞ்சிரும்."

"அவனும்?"

ஜெயமுருகன் கிளாஸைத் தள்ளி வைத்தான். கடைக்காரர் அடுப்பைத் தணித்தார்.

"எதால கட்டுப் போடணும்?" என்று சீனித்தாய் கேட்டாள்.

"கட்டுத் துணியாலதான்."

"இதையாய்யா இம்புட்டு நாளா சொல்லாம வச்சிருந்த." அவள் எழுந்துவிட்டாள். "நம்ம ஊருல அது ஒண்ணுதானய்யா வேணும்கிற மட்டும் கிடக்கு."

"அத்தை, அது விளையாட்டு."

"இது என்னவாம்?" அவள் கையைக் காட்டினாள். கல் ஆமை ஜெயமுருகன் தவறவிட்ட ஸ்பேனரை வாயில் வைத்துக்கொண்டு, அவன் கையை நீட்டட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தது.

அவள் கிட்டங்கிக்குப் போய் இரண்டு கையிலும் கொள்ளுமட்டும் சுருளை அள்ளிக்கொண்டு களத்துக்கு நடந்தாள். ராக்கம்மா ஒன்றும் கேட்காமல் முந்தானையில் அள்ளிக்கொண்டு பின்னால் போனாள், அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள் போனார்கள், தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு ஆண்கள் வந்தார்கள், முதலாளிகள் வந்தார்கள், சரக்கு ஏற்ற நின்ற லாரியிலிருந்து கட்டுகள் திரும்ப இறங்கின, ஊரின் மொத்தச் சத்தமும் நின்று, எல்லோருடைய காலடியும் எல்லோருக்கும் கேட்டது. பஞ்சு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இத்தனை பேரும் வேண்டியவர்கள்தான் என்பதுபோல மறுபடி தாழ்த்திக்கொண்டது.

சுற்றத் தெரிந்த அவர்களுக்குக் கட்டத் தெரியவில்லை. பிறந்தது முதல் கட்டுத் துணியோடு இருந்தவர்கள், ஒருவர் உடம்பில் அதை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். கடைசியில், தெரிந்ததைச் செய்வோம் என்று, சுருளைச் சுற்றுவது போலவே சுற்றினார்கள். பஞ்சுக்கு முன்னால் கால் இருக்கக்கூடிய இடம் என்று தோன்றிய இடத்தில் குருசாமி மண்டியிட்டு, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினார். துணி தரைக்கு இறங்கவில்லை. கணுக்காலின் மேல் நின்றது.

குருசாமி இரண்டாவது சுற்றுச் சுற்றினார். முழங்கால் வந்தது, மடங்கியிருந்தது. தொடை வந்தது. ராக்கம்மா இடுப்பைக் கண்டுபிடித்தாள், ஜெயமுருகன் தோளைக் கண்டுபிடித்தான். சின்ன வயதில் போலவே ஒருக்களித்துக் கிடந்தான், ஆனால் தோள் அகன்றிருந்தது, கை நீண்டிருந்தது, ஊரார் தூக்கிப் பிடித்த கொடியைவிட அவன் உயரமாகவே வளர்ந்திருந்தான். சீனித்தாய் அந்த நீளத்தைத் தோளிலிருந்து கால்வரை கண்ணால் ஒருமுறை தடவினாள், கால்வரை போக நேரம் பிடித்தது.

விலாப் பக்கம் கட்டின துணி சிவந்தது. முதலில் ஒரு பொட்டு, பிறகு ஒரு கை அகலம். தாங்கள் நெய்த துணி எதற்காக நெய்யப்பட்டது என்று வெள்ளைக்கரட்டு ஊர்க்காரர்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். சிலர் எழுந்து போய்க் கரட்டின் பக்கம் திரும்பி நின்றார்கள், நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

கழுத்துவரை வந்ததும் ராக்கம்மா நிறுத்தினாள். "முகத்தையும் சுத்துவமா மதினி? ஒரு சுத்துச் சுத்தினா எப்படி இருக்கான்னு தெரியும்."

சீனித்தாயின் கை துணியைப் பிடித்துக்கொண்டே வெகுநேரம் இருந்தது.

"வேணாம்," என்றாள். "மூச்சு முட்டும்."

ஆகவே அந்த வெள்ளை உருவத்துக்கு முகம் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் களத்துப் புல் தெரிந்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தாள். நெஞ்சுத் துணி ஏறியது, இறங்கியது, ஏறியது. எல்லோரும் அதோடு சேர்ந்து மூச்சுவிட்டார்கள்.

அவன் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை. ஊர் முறை வைத்துக்கொண்டது, தறிக்கு முறை போடுவது போலவே. ஒரு கூட்டம் சாப்பிடப் போனால் ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்தது, மேலே படுதா கட்டினார்கள், அடுப்பு மூட்டினார்கள். துணி ஊறி நெஞ்சு தாழும்போது புதுத் துணி கட்டினார்கள், கட்டினதும் நெஞ்சு ஏறியது, அதைப் பார்த்துத் தெம்பு வந்து, இன்னும் கொஞ்சம் கட்டினால் எழுந்துவிடுவான் என்று இன்னும் கட்டினார்கள். கிட்டங்கி காலியாக ஆக, மறுபடி தறிகளில் சிலவற்றை மட்டும் அவனுக்காக ஓட்டினார்கள். அந்த ஊர் அத்தனை பெருமிதத்தோடு ஒருபோதும் நெய்ததில்லை.

தலைமாட்டிலிருந்து நகராத சீனித்தாய் மட்டும் மற்றவர்கள் பார்க்காததைப் பார்த்தாள். ஒவ்வொரு புதுக்கட்டுக்கும் மூச்சு வந்தது, வந்த மூச்சோடு துணி சுற்றின விரல்கள் மண்ணைப் பிறாண்டின, முழங்கால் வயிற்றோடு மடங்கியது, புல் நுனிகள் ஏதோ ஒரு வாயின் முன்னால் நடுங்கின. பிறகு துணி ஊறியது, விரல்கள் தளர்ந்தன, முழங்கால் மெல்ல நீண்டது, சற்று நேரம் அமைதியாக இருந்தது. உடனே எவரோ ஓடிவந்து அடுத்த சுருளைப் பிரித்தார். எங்கோ பெயர் தெரியாத ஓர் ஊரில், எவரும் அருகில் இல்லாத ஒரு தரையில் கிடக்கிற பிள்ளையை, தானும் தன் ஊரும் துணியால் இழுத்துப் பிடித்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தபிறகும் அவள் இன்னும் ஒருமுறை கட்டவிட்டாள். அதற்குப் பிறகும் ஒருமுறை. அந்த மூச்சு ஏறுவதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

ஒரு பிற்பகலில் ராக்கம்மா புதுச் சுருளோடு வந்தபோது சீனித்தாய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும் மதினி. எல்லாரும் கையை எடுங்க."

"துணி இன்னும் வருது மதினி. பத்தலைன்னா எல்லாத் தறியையும் ஓட்டச் சொல்லுவோம்."

"துணி பத்தும். அவனுக்குத்தான் முடியல."

"அத்தை," என்றான் ஜெயமுருகன், "இன்னும் ஒரே ஒரு தடவை."

"உனக்கு அவன் கூட்டாளி. உன் ஆசை எனக்குத் தெரியாதா." அவள் குரல் தணிந்திருந்தது. "அவன் விரலப் பாரு. நல்லாப் பாரு."

அவன் பார்த்தான். பார்த்துவிட்டுத் தன் கையிலிருந்ததைக் கீழே வைத்தான். ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள், ஓடின தறிகளை நிறுத்த ஆள் போயிற்று. கால்மாட்டில் குருசாமி மட்டும், தறியோரம் நின்று நின்று மந்தமான காதோடு, ஒன்றும் கேட்காமல், கணுக்காலில் தளர்ந்த ஒரு சுற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

சீனித்தாய் குனிந்தாள். புல் மட்டும் தெரிந்த அந்த இடத்துக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். அந்த ஊரில் யாரும் யாரையும் வெறுமனே போ என்று சொல்லி அனுப்பினதில்லை. கடைக்குப் போகிற பிள்ளைக்கும், பிரசவத்துக்குப் போகிற பெண்ணுக்கும், சண்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற சம்பந்திக்கும்கூட போயிட்டு வா என்றுதான் சொல்வார்கள், வா என்பதைச் சொல்லாமல் விட்டால் அனுப்புகிறவர்களுக்கே நாக்கு கூசும். மாரீஸ் சொல்லாமல் போனதால் அவளுக்கு அதைச் சொல்லக் கிடைக்கவில்லை. இப்போது சொல்ல வாயெடுத்தாள். பாதியில் நின்றாள். அந்த வா அவனை மறுபடி இந்தத் தரையில் கொண்டுவந்து கிடத்தும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"போய்யா," என்றாள்.

பக்கத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. பிறகு இன்னும் மெதுவாக, அதே சொல்லை இன்னொரு தடவை சொன்னாள், அவன் சின்னப்பிள்ளையாகத் தூங்க மறுத்தபோது தட்டிக்கொடுத்த அதே தாளத்தில், "போ."

நெஞ்சுத் துணி இறங்கியது. ஏறவில்லை. தோள் தணிந்தது, இடுப்பு தணிந்தது, முழங்கால் இருந்த இடத்தில் துணி ஒருமுறை காற்றுப் பிடித்து உப்பி, பிறகு மெல்லத் தரையோடு தரையாகப் படிந்தது. பஞ்சு எழுந்தது, முன்னால் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது, கடைசி மழைத்துளி மண்ணுக்குள் போவது போலச் சத்தமில்லாமல் கரைந்தது.

குருசாமி கையிலிருந்த துணி கணுக்காலைக் காணாமல் தொளதொளத்தது. அவர் அதை விட்டுவிடாமல் நிமிர்ந்து, மனைவியின் உதட்டையே பார்த்தார்.

"ஏளா, அவன்ட்ட என்னமோ சொன்னியே," என்று தறிச் சத்தம் இல்லாத களத்தில் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார். "என்ன சொன்ன?"

ஊர் முழுவதும் அவளைப் பார்த்தது. சீனித்தாய் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, அவர் காதில் வாயை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"போயிட்டு வான்னு சொன்னேன்."

ராக்கம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள், அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் ஆட்டினார்கள், ஜெயமுருகனும் ஆட்டினான்.

"அதான் சரி," என்றார் குருசாமி. "அப்படித்தான சொல்லணும்."